கசப்புத் தண்ணீரில் ஊறிய மூங்கில்

எங்கள் பட்டறைக்குப் புதிதாக ஒரு இரும்பு உருளை வந்திருக்கிறது. மூங்கிலை உள்ளே தள்ளி மூடிவிட்டால், அழுத்தம் கொடுத்துச் சில மணி நேரத்தில் மருந்தை ஏற்றிவிடுமாம். நான் பதினைந்து வருடம் நின்று வேலை பார்த்த சிமெண்ட் தொட்டிக்கு இனி வேலை இல்லை. எனக்கும் இல்லை. வலது தோளைத் தூக்க முடியாமல் போன வருடமே நின்றுவிட்டேன்.

இயந்திரத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், போனேன். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற தேவி, லாரியிலிருந்து இறங்கிய மூங்கில் ஒவ்வொன்றின் வெட்டு முனையையும் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இதைப் பண்றோம்? கேட்டா யாருக்கும் தெரியல. பண்ணுன்றாங்க, பண்றேன். நேத்து ஒரு மூங்கில்ல பல்லி எச்சம் இருந்துச்சு" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வழக்கம் என்னால் வந்தது. வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது.

என் பெயர் கஸ்தூரி. ஊர் மரக்காணம் பக்கம். ஒன்பதாவது வரை படித்தேன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் உப்பளத்தில்தான் வேலை. பாத்தியில் தண்ணீர் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிடுவார்கள். குழாயில் கோடுகள் இருக்கும். டிகிரி பார்ப்பது என்று அதற்குப் பெயர். கோட்டைப் படித்து எழுதத் தெரிந்தவள் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

ஈ.சி.ஆர். ரோட்டில் பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே மூங்கில் பட்டறை தொடங்கியபோது, மருந்துத் தொட்டிக்கு டிகிரி பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினார்கள். அதே கண்ணாடிக் குழாய்தான். அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் ஒரே கேலி. "அண்ணி, நம்ம ஊர்ல எவனாவது செத்தா பாடைக்கு உங்க பட்டறையில சொல்லலாமா?" என்று என் கொழுந்தன் கேட்டான். எனக்குப் பதில் எப்போதும் மறுநாள்தான் தோன்றும்.

முதல் இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது. ஊசி முனை அளவுக்குத் துளை போடும். கீழே மஞ்சள் பொடி உதிரும். ஆறே மாதத்தில் கழி உளுத்துவிடும். அதனால் முற்றிய மூங்கிலாகப் பார்த்து வாங்க வேண்டும். நீளமான கம்பியை உள்ளே விட்டு எல்லாக் கணுக்களையும் குத்தித் திறக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் இருபது நாள் ஊறவைத்து மாவை வெளியே இறக்க வேண்டும். அதற்குப் பிறகு தொட்டியில் போராக்ஸும் போரிக் பவுடரும் கரைத்த மருந்தில் பத்து நாள். வெளியே எடுத்து நிழலில் நிற்கவைத்து வடியவிட்டு, பிளாச்சுகளாகப் பிளந்து, சீவி, காயவைத்துப் பலகையாக்குவார்கள். காய்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. ஒரு மாதிரித் துண்டைத் தினமும் தராசில் வைப்போம். எடை குறைவது என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்குத்தான் காய்ந்தது என்று கணக்கு.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பாஸ்கர் சார். பட்டறைக்குப் பொறுப்பு அவர்தான். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எப்படித் தெரியும்?" அதில் கிண்டல் இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மற்றவர்கள் பேச்சு நின்றுபோனால் எதையாவது சொல்லி நிரப்புவார்கள். அவர் நிரப்ப மாட்டார். என்னைப் போன்றவளுக்கு அது பெரிய வாதை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அவர் கண்ணாடியைத் துடைப்பார். கடைசியில் என் வாயிலிருந்து இரண்டு வார்த்தை வரும். அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் மூங்கில் கொண்டுவரும் லாரிக்காரர், தேய்பிறையில் வெட்டிய மூங்கில்தான் உளுக்காது என்று அடித்துச் சொன்னார்.

"எப்படித் தெரியும்?" என்றார் சார்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான் சார் வெட்டுறோம்."

வேறு ஒருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார், இல்லையென்றால் அப்படியே நம்பியிருப்பார். சார் ஒரு லோடு வளர்பிறையிலும் ஒரு லோடு தேய்பிறையிலும் வெட்டிவரச் சொன்னார். காயத்துக்குப் போடும் அயோடினை வெட்டு முனையில் ஒரு சொட்டு விட்டால் மாவு இருக்கும் இடம் கருநீலமாகும். இருபது துண்டுகளைக் கலைத்துப் போட்டு, எது எந்த லோடு என்று சொல்லாமல் என்னைப் பார்க்கச் சொன்னார்.

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் சார் தெரியுது" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா இருபது துண்டை வெச்சு அவர் சொல்றது தப்புன்னும் சொல்லிட முடியாது" என்றார். லாரிக்காரர் அதற்குப் பிறகும் தேய்பிறையில்தான் வெட்டினார். சார் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொரு சமயம் கல்லூரிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மூங்கில் தரை இயற்கைக்கு நல்லதுதானே என்று அவர்களில் ஒருவர் கேட்டார். "புதர்ல முத்துனதை மட்டும் வெட்டுனா நாலஞ்சு வருஷத்துல அதே இடத்துல திரும்ப முத்தி நிக்கும். மரத்துக்கு அப்படி இல்ல. அதுவரைக்கும் சரி" என்றார் சார். "ஆனா நாம போட்ட தரை ரெண்டு மழைக்கு அப்புறம் குப்பைக்குப் போச்சுன்னா, வெட்டுனது வீண், லாரி அவ்வளவு தூரம் ஓடுனது வீண். அதுக்கு டைல்ஸே போட்டிருக்கலாம். நல்லதா கெட்டதான்றது அதோ அந்தம்மா கையில இருக்கு." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு கர்வம் ஏறியது. அடுத்து நடந்ததற்கு அந்தக் கர்வமும் ஒரு காரணம்.

அடுத்த கோடையில் சார் மூங்கில் பார்க்க அசாம் பக்கம் இரண்டு மாதம் போனார். "கஸ்தூரிம்மா, நீங்க பாத்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்தார். சித்திரை பிறந்ததும் போர்வெல்லில் தண்ணீர் அற்றுப்போய் மோட்டார் காற்றை இழுத்தது. எங்களுக்குக் குடிக்கிற தண்ணீரே டேங்கரில் வந்தது. அந்த நேரம் பார்த்து, வழியில் தாமதப்பட்ட ஒரு லோடு பச்சை மூங்கில் வந்து இறங்கியது. வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில் போட்டால் வண்டு விழும். ஊறவைக்கத் தண்ணீர் இல்லை. சாருக்கு போன் போட்டேன், கிடைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உப்பளத்துக் கொட்டகையின் மூங்கில் கால்கள் வருடக் கணக்கில் உப்புத் தண்ணீரில் நிற்கின்றன. ஒன்றுகூட உளுத்து நான் பார்த்ததில்லை. வண்டு அந்தப் பக்கமே வராது. அப்படியென்றால் உப்புத் தண்ணீரிலேயே ஊறவைத்தால் என்ன?

உப்பு வாரிய பிறகு பாத்தியில் எண்ணெய் மாதிரி கொஞ்சம் தண்ணீர் மிச்சம் நிற்கும். நாக்கில் வைத்தால் உப்பைவிடக் கசப்புத்தான் தெரியும். அது எதற்கும் உதவாது. வெட்டிவிட்ட பள்ளத்தில் வடித்துவிடுவார்கள். நான் முன்பு வேலை பார்த்த உப்பளக்காரரிடம் போய்க் கேட்டேன். "கழிவுத் தண்ணிதானே, உன் மூங்கிலைப் போட்டுக்க. இதுக்குப் போயி வந்து நிக்கிற" என்றார். டெம்போவில் ஏற்றிப் போய்ப் பள்ளத்தில் அமுக்கிக் கல்லை வைத்துவிட்டு வந்தேன். இருபது நாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கசப்புத் தண்ணீர் சரியாக வடியாத உப்பு மழைக்காலத்தில் மூட்டையோடு வேர்த்துக் கொட்டும். காற்றிலிருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பளத்தில் பத்து நாள் வேலை பார்த்தவர்களுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். மழை வரப்போகிறது என்றால் மூட்டைகளுக்கு அடியில் ஓலை போட்டவள் நான். ஆனால் அன்றைக்கு உளுக்காத கொட்டகைக் கால்கள்தான் நினைவுக்கு வந்தன. வேர்த்த மூட்டைகள் வரவில்லை. உப்பளத்தை அறியாத ஒருவருக்கு இந்த யோசனை வந்திருக்கவே வந்திருக்காது.

மூங்கிலை எடுத்து வந்து மருந்துத் தொட்டியில் போட்டேன். இரண்டாம் நாள் குழாயை மிதக்கவிட்டபோது, தூள் சேர்க்காமலே டிகிரி ஏறியிருந்தது. உப்பு இறங்குகிறது என்று புரிந்தது. இறங்கினால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். கோடை வெயிலில் மாதிரித் துண்டு சீக்கிரமே எடை நின்றது. பிளாச்சுகள் அருமையாகச் சீவ வந்தன.

சார் திரும்பி வந்தார். "தண்ணி இல்லாம எப்படிங்க சமாளிச்சீங்க?"

"உப்பளத்துப் பக்கம் ஏற்பாடு பண்ணேன் சார்."

அங்கே ஏதோ கிணறு என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இரண்டு வருடம் போகட்டும், ஒரு துளைகூட விழாத தரையைக் காட்டி, இது எந்தத் தண்ணீரில் ஊறியது தெரியுமா சார் என்று கேட்கலாம் என்று வைத்திருந்தேன். அதிகம் பேசாதவர்களுக்கு இப்படி ரகசியப் பெருமைகள் உண்டு.

அந்தப் பலகைகள் நூர்ஜஹான் அக்கா வீட்டுக்குப் போயின. மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு ஊர். அவர் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். புது வீட்டின் முன் ஹாலில் டைல்ஸ் வேண்டாம், மழைக்காலத்தில் முட்டி வலி தாங்கவில்லை, மூங்கில் தரைதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். வீட்டு வேலையை மேற்பார்த்த அவர் தம்பி சலீமுக்கு இது பிடிக்கவில்லை. "கல்ஃப் காசுல கோழிக்கூடு கட்டுறாங்கன்னு சொல்லப் போறாங்க" என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். ஹாலுக்கு அடித்தளம் போட்டது ஏழுமலை அண்ணன், அந்தப் பக்கத்துக் கொத்தனார். கீழே மண்ணிலிருந்து ஈரம், அதாவது ஓதம், ஏறாமல் இருக்கத் தளத்துக்கு அடியில் தடித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். அவரும் விரித்துத் தளம் போட்டார். அதன்மேல் ரீப்பர் என்கிற மரச் சட்டங்களை அடித்து, ஆடி மாதம் எங்கள் ஆட்கள் பலகைகளை ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். ஹால் முழுக்கத் தேன் நிறத்தில் இருந்தது. அக்கா வெறுங்காலோடு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து பார்த்துவிட்டு எங்களுக்குச் சேமியா கொடுத்தார்.

ஐப்பசியில் போன் வந்தது. தரை வேர்க்கிறது.

சாரும் நானும் போனோம். கடற்காற்று ஈரமாக அடித்துக்கொண்டிருந்தது. பலகைமேல் கால் வைத்தால் பிசுபிசுத்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் துருக் கறை. "தொழுக உக்காந்தா முஸல்லாக்கு அடியில ஈரம்ங்க. காய வெச்சு காய வெச்சு விரிக்கிறேன்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. தம்பி சொன்னதைக் கேட்காமல் அவர் கேட்டு வாங்கிய தரை அது.

சலீம் ஏழுமலை அண்ணனையும் வரவழைத்திருந்தார். "ஓதம் ஏறுது மேஸ்திரி. நீ கவர் போடல. மண்ணு மேல அப்படியே கலவையைக் கொட்டிட்ட."

"போட்டேன் பாய். உங்க கண்ணு முன்னாடிதானே விரிச்சேன்."

"நான் அன்னிக்கு இல்ல."

"நீங்க இல்லன்னா நான் போடலன்னு ஆயிடுமா?"

"ஓதம்தான்னு எப்படித் தெரியும்?" என்று சார் கேட்டார்.

"வேற எங்கேர்ந்து சார் தண்ணி வரும்? வானத்துலேர்ந்தா?" என்றார் சலீம்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் நான் குனிந்து பலகையை விரலால் தடவி நாக்கில் வைத்தேன். மருந்து ஏற்றிய மூங்கிலை வாயில் வைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவளே நான்தான். கசந்தது. அந்தக் கசப்பை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வேர்த்த மூட்டைகள் எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. வானத்திலிருந்துதான் வருகிறது, சலீம் எரிச்சலில் சொன்னதுதான் உண்மை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பேசவில்லை.

ஒன்பது நாள் பேசவில்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிடுவது என்று போவேன். சார் வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார். பிறகு சொல்லலாம் என்று தொட்டிப் பக்கம் போய்விடுவேன். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்வேன். பட்டறை வாசலில் இறங்கும்போது மறந்துபோகும். வேலை போய்விடுமே என்ற பயமும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏழுமலை அண்ணனுக்கு அந்த ஒன்பது நாளும் வேறு மாதிரி போயிற்று. நூர்ஜஹான் அக்காவின் கணவர் மஸ்கட்டில் தங்கியிருக்கும் ரூமில் நம் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் நாலு பேர் ஊரில் வீடு கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் ஏழுமலைதான் கொத்தனார் என்று பேச்சு. சலீம் நடந்ததை போனில் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. ஏழுமலை அண்ணன் மூன்றாம் நாள் தானே வந்து மூலையில் பலகையைக் கழற்றித் தளத்தை உடைத்துக் காட்டினார். கறுப்பு ஷீட் இருந்தது. "மூலையில மட்டும் போட்டிருப்ப" என்றார் சலீம். அப்படியென்றால் நடு ஹாலை உடைக்கிறேன், ஷீட் இல்லையென்றால் இனிமேல் கரணையைத் தொட மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனாராம். இதைப் பட்டறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உடைப்பதற்குக் குறித்த நாள்தான் ஒன்பதாவது நாள்.

அன்று காலை, அதே லோடில் மிச்சமிருந்த ஒரு பலகையை எடுத்துப் போய் சார் மேசையில் வைத்தேன்.

"இதை நாக்குல வெச்சுப் பாருங்க சார்."

என்னை ஒருமுறை பார்த்தார். எதுவும் கேட்காமல் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். காத்திருந்தார்.

"தளத்துல ஓதம் இல்ல சார். மூங்கில்தான் காத்துலேர்ந்து தண்ணி இழுக்குது."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் ஊற வெச்சேன். உப்பளத்துல மிச்சம் நிக்கிற கழிவுத் தண்ணில. அங்க கிணறு இல்ல சார்."

வெகுநேரம் துடைத்தார். "எப்போலேர்ந்து தெரியும்?" என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கே தெரியும்."

அவர் போனை எடுத்து சலீமை அழைத்து, உடைக்க வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம், "காரணத்தை நான் சொல்லல. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன், தரை என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது சுலபம்.

பலகைகளைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்க்ரூவில் முடுக்கியிருந்ததால் எல்லாவற்றையும் கழற்ற முடிந்தது. மழை பிடித்துவிட்டதால் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. தொட்டியைக் காலி செய்து, நல்ல தண்ணீர் நிரப்பி, பலகைகளை அமுக்கி வைத்து, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினோம். அந்தத் தண்ணீர் வயல் பக்கம் போனால் பயிர் கெடும் என்று டேங்கரில் ஏற்றி உப்பளத்து ஓடைக்கே அனுப்பினார் சார். ஒவ்வொரு முறையும் குழாயை மிதக்கவிட்டுக் கோட்டை எழுதினேன். ஐந்தாவது தடவை குழாய் நல்ல தண்ணீரில் நிற்கிற கோட்டிலேயே நின்றது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. சாருக்குப் போதவில்லை. மூடி போட்ட ஒரு டிரம்மின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, எங்கள் பலகை ஒன்றையும் வேறு லோடின் பலகை ஒன்றையும் தண்ணீரில் படாமல் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். நாலு நாள் கழித்துத் திறந்தோம். எங்கள் பலகை மட்டும் லேசாக மினுங்கியது. மறுபடியும் தண்ணீரில் போட்டோம். இரண்டு பலகைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆன பிறகுதான் மருந்து ஏற்றிக் காயவைத்தோம். வெடித்தும் முறுக்கியும் வீணானவற்றுக்குப் பதில் புதிது சேர்த்து, மாசி மாதம் துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டு முடுக்கினோம். அதற்கு அடுத்த ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்துதான் வருகிற மூங்கிலை, மருந்துக்குப் போகும் முன்னால் நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். மூங்கில் விற்கிறவர்களும் எங்கேயாவது உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கலாம், கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி அந்த ஒன்பதாவது நாள்.

நாங்கள் போனபோது ஹாலின் நடுவில் பலகைகள் கழற்றப்பட்டிருந்தன. ஏழுமலை அண்ணன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். உடைப்பதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். நூர்ஜஹான் அக்கா உள் கதவோரம் இருந்தார். சலீம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். வீடியோவில் அவர் மச்சான், மஸ்கட்டிலிருந்து. அவருக்குப் பின்னால் கட்டிலில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சார் நிறுத்தச் சொன்னீங்க? மேஸ்திரிக்கு சப்போர்ட்டா?" என்றார் சலீம்.

சார் சுவரோரம் போய் நின்றுகொண்டார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்த எதுவும் நினைவில் இல்லை. தளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே முழுசாகக் கேட்கவில்லை.

"என்னாம்மா சொல்ற?" என்றார் ஏழுமலை அண்ணன்.

"தளம் நல்லாத்தான் இருக்குங்க. மூங்கில்லதான் தப்பு. நான் தப்பான தண்ணில ஊற வெச்சுட்டேன்."

அக்காதான் முதலில், "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பம்மா தெரிஞ்சுது இது?" அண்ணன் கேட்டார்.

"முதல் நாளே. தடவிப் பாத்தப்போ."

அவர் கடப்பாரையைக் கையில் மாற்றிக்கொண்டார். "ஒன்பது நாளு. ஒன்பது நாளா ஊரே என்னைத் திருடன்னுது. என் பொண்டாட்டி கடைக்குப் போவல. நீ வாய்ல என்னத்தை வெச்சிருந்த? உன் உப்பையா?"

போனிலிருந்து ஒரு குரல். "சலீம், என்னாடா சொல்றாங்க? ஒண்ணும் கேக்கல இங்க."

"ஒண்ணுமில்ல மச்சான், நான் அப்புறமா..." என்று சலீம் போனைத் திருப்பப் பார்த்தார்.

"அப்புறமா இல்ல பாய்." அண்ணன் கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தார். சலீம் விடவில்லை. இரண்டு பேர் கையிலும் போன் இருந்தது. "நான் கவர் போடலன்னு மஸ்கட்டுக்குச் சொன்னீங்கல்ல? இதுவும் மஸ்கட்டுக்குக் கேக்கணும். சொல்லும்மா. இன்னொரு தடவை. சத்தமா."

நான் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

போனுக்குப் பக்கத்தில் போனேன். அதில் ஒரு மூலையில் என் முகமும் தெரிந்தது. "ஏழுமலை அண்ணன் போட்ட தளத்துல ஒரு குறையும் இல்லைங்க. கவர் சரியா போட்டிருக்காரு. மூங்கிலைக் கெடுத்தது நான். தரை வேர்க்கறது என்னால" என்றேன். வாசலில் நின்றவர்கள் தலையை உள்ளே நீட்டினார்கள். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

மஸ்கட்டில் கட்டிலில் இருந்தவர்கள் அருகில் வந்தார்கள்.

"நீங்க யாரும்மா?"

"என் பேர் கஸ்தூரிங்க. பட்டறையில தொட்டி வேலை பாக்கறேன்."

அண்ணன் போனை விட்டார். கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். கழற்றிய பலகைகளைத் தாண்டி, ஆறு நாளுக்கு முன் தானே உடைத்த மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, பிளாஸ்டிக் ஷீட்டில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கரணையை எடுத்தார்.

"இதை அடைக்கணும். ஒரு குடம் தண்ணி எடுத்தாம்மா" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "நல்ல தண்ணியா பாத்து எடுத்தா."

வாசலில் யாரோ சிரித்தார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனேன்.